காப்பி இலையும் தென்னை ஓலையும்

கழக்கூட்டத்தில் நம் குடியிருப்பின் கீழைக்கோடியில், ஆண்டுதோறும் நாம் பொங்கற்பானை ஏற்றும் திடலை ஒட்டி ஒரு தென்னை நிற்கிறது. முன்னொரு மழைக்காலத்தின் முடிவில் அதன் குருத்தோலையின் நுனி கருகிற்று. கருகிய பகுதி காற்றில் உதிர, எஞ்சிய ஓலை பாதி முறிந்த விசிறியைப்போல் விரிந்தது. அதற்குக் கீழிருந்த மட்டைகளின் ஓலைகளோ பசுமை முற்றும் மாறுவதற்கு முன்னரே துவண்டு, விலா எலும்புகள்போல் உள்நோக்கி வளைந்தன. தஞ்சைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மரத்தைச் சுற்றி வந்து, "இது எங்கள் ஊர் வாடல் போலிருக்கிறது, அடிமரத்தில் செந்நீர் வடிகிறதா பாருங்கள்" என்றார். பொள்ளாச்சியிலிருந்து வந்து தொழில்நுட்பப் பூங்காவில் வேலை பார்க்கும் இளைஞர், "இல்லை ஐயா, இது கேரள வாடல். எங்கள் தோப்பில் இதனால்தான் மரங்களை வெட்டினோம்" என்றார். தேங்காய் பறிக்க வந்த மலையாளத் தோழரோ அண்ணாந்து ஒருமுறை நோக்கிவிட்டு, "காற்றுவீழ்ச்ச" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். உரம் விற்பவர் ஒருவர், நேரில் வந்து பாராமலே, "பூசணந்தான்" என்று சொல்லி நீலநிறத் தூள் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார்.

நால்வரும் சொன்ன நான்கு பெயர்களுள் எது சரி என்பதைப் பொறுத்தே அம்மரத்தின் வாழ்வும் சாவும் இருந்தன. அன்று மாலை திடலில் எழுந்த வாக்குவாதமே இக்கட்டுரைக்கு வித்து. இலையைப் பார்த்து நோயை இன்னதென்று சொல்வது எளிய செயல் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க, அது நம் இனத்தாரின் வரலாற்றோடு எவ்வளவு நெருங்கிப் பின்னியிருக்கிறது என்பது தெரிந்து வியந்தோம்.

முதலில் இப்பெயர்களைப் பற்றி ஒரு சொல். 1952-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் தஞ்சைக் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கிற்று. அதன்பின் அப்பகுதித் தென்னந்தோப்புகளில் அடிமரத்திலிருந்து செம்பழுப்பு நீர் கசிந்து மரங்கள் பட்டுப்போகக் கண்டனர். அதற்குத் தஞ்சாவூர் வாடல் என்று பெயர் வந்தது. அது வேரையும் அடிமரத்தையும் பற்றும் கேனோடெர்மா என்னும் பூசணத்தின் வேலை. கேரள வாடல் என்பது வேறு நோய். வேறு காரணத்தால் வருவது. அதற்கு இந்நாட்டார் இட்ட பெயரே காற்றுவீழ்ச்ச. நோய்க்கு ஊர்ப்பெயர் வைத்தால் ஊருக்குத்தான் இழுக்கு. ஆயினும் உழவர் வாயில் அப்படித்தான் நிலைத்துவிட்டது. இங்குள்ளோர் தம் மரத்து நோய் எதற்கும் தமிழ் வாடல் என்று பெயரிடாமற் போனது நம் நல்வினையே.

நிற்க. இலைநோயின் கதையைத் தென்னையிலிருந்து தொடங்குதல் இயலாது. அது கடலுக்கு அப்பால், இலங்கை மலைகளில், காப்பிச் செடியின் இலையடியில் தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையின் மலைநாடு முழுவதும் காப்பி மயமாயிற்று. காடுகளை வெட்டி எரித்து, சரிவுகள்தோறும் ஒரே வகைச் செடியை வரிசைவரிசையாக நட்டனர். அச்செடிகளை நட்டதும், களை பறித்ததும், பழம் கொய்ததும் தமிழர் கைகளே. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னே புறப்பட்ட மக்கள், தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே கால்நடையாக மாத்தளை வரையில் சென்றனர். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் மாண்டவர் பலர். பழம் கொய்யும் காலம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுவர். காப்பி, பருவத்துக்கு மட்டும் ஆள் கேட்கும் பயிர். இச்செய்தியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

1869-ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பார் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்னும் தமிழ் நூலை வெளியிட்டார். தோட்டத்தில் பணியாற்றிய அவர், காப்பிப் பயிரிடும் முறையைத் தோட்ட நிருவாகத்தின் கண்கொண்டு பாடினார். மலையகத் தமிழ் எழுத்தின் தொடக்கங்களுள் அதனை ஒன்றாகக் கருதுவர். காப்பியைத் தமிழிற் பாடிய அதே ஆண்டில்தான் காப்பிக்கு முடிவும் தொடங்கிற்று என்பது நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்த ஓர் ஒற்றுமை.

அவ்வாண்டு மே மாதத்தில், தென்கிழக்கே மடுல்சீமைப் பகுதித் தோட்டம் ஒன்றில் சில செடிகளின் இலைகளில் மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. எண்ணெய் பட்டாற்போன்ற வெளிறிய புள்ளிகள். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் அதே இடத்தில் காவிநிறத் தூள் படிந்திருக்கும். விரலால் தடவினால் தூள் விரலில் ஒட்டிக்கொள்ளும். புள்ளிகள் பெருகி ஒன்றோடொன்று கூடியதும் இலை உதிரும், மீண்டும் தளிர்க்கும், அதுவும் உதிரும். செடி உடனே சாவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு காய் குறைந்து, கிளை நுனிகள் காய்ந்து, எலும்புக்கூடாக நிற்கும். கொய்வதற்காக இலைகளை விலக்கிய தமிழ்ப் பெண்களின் சேலையிலும் முழங்கையிலும் அக்காவித்தூள் எத்தனை நாள் படிந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். அதனை முதலில் கண்டவர் அவர்களாகவே இருந்திருப்பர். ஆனால் அவர்களைக் கேட்டு எழுதி வைத்தவர் ஒருவரும் இலர்.

அவ்விலைகள் பேராதனைத் தாவரப் பூங்காவின் தலைவராயிருந்த துவைட்ஸ் என்பாரிடம் சென்றன. அவர் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பூசண ஆராய்ச்சியில் பெரும்புலமை பெற்றிருந்த பெர்க்லி என்னும் பாதிரியார், உருப்பெருக்கிக் கண்ணாடியில் அத்தூளைக் கண்டு, இது புதியதொரு பூசணம் என்று துணிந்தார். அதன் வித்துக்கள் ஆரஞ்சுச் சுளையின் வடிவின. ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் முட்கள் நிறைந்தும் இருந்தன. 'பாதி வழவழப்பு' என்னும் பொருள்பட 'ஹெமிலியா' என்றும், 'பாழாக்குவது' என்னும் பொருள்பட 'வஸ்டாட்ரிக்ஸ்' என்றும் பெயரிட்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே அச்செய்தி அச்சில் வந்துவிட்டது. மே மாதத்தில் கண்ட புள்ளிக்கு நவம்பரில் பெயர்! கப்பலில் தபால் சென்ற அக்காலத்தில் இதனினும் விரைவாக ஒரு நோயை இனங்காண்பது அரிது. பாழாக்கும் என்று பெயரிலேயே எச்சரித்துமிருந்தார். எனினும் தோட்டக்காரர் செவியில் அது ஏறவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. செடியின் நோய்க்குப் பூசணம் காரணமா, நோயுற்ற செடியிற் பூசணம் பின்னர் வந்து குடியேறுகிறதா என்பது அந்நாளில் பெரும் வழக்கு. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் மூண்டு, பத்து லட்சம்வரை மக்கள் மடிந்தபோது, இலையிற் கண்ட பூசணமே காரணம் என்று 1846-இல் வாதிட்டவர் இதே பெர்க்லி. அன்று அவர் சொல்லை நம்பாதவர் மிகப் பலர். ஈரமும் குளிரும் மின்னலுமே காரணம் என்றனர். 1861-இல் ஜெர்மானிய அறிஞர் தெ பாரி ஆய்ந்து காட்டிய பின்னரே அவ்வழக்கு அறிவுலகில் ஒருவாறு தீர்ந்தது. இலங்கைத் தோட்டக்காரரோ அறிவுலகத்தாரல்லர். மண் சத்து குன்றியது, உரம் போதவில்லை, மழை பிழைத்தது என்று ஆளுக்கொன்று கூறினர். அவர்களைத் தேற்றுதற்கு மற்றொன்றும் இருந்தது: காப்பி விலை. 1870-களில் விலை ஏறியதால் காய் குறைந்தாலும் காசு குறையவில்லை. ஏக்கருக்குக் கிடைத்த விளைவு சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகியும், அவர்கள் மேலும் காடு வெட்டி மேலும் காப்பி நட்டனர். 1878-இல் காப்பி நின்ற நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கர். நோய்க்கு விருந்து வைத்தாற்போல் அது ஆயிற்று.

1880-இல் மார்ஷல் வார்டு என்னும் இளைஞரை ஆங்கில அரசு இலங்கைக்கு அனுப்பிற்று. வயது இருபத்தாறுகூட நிரம்பவில்லை. கேம்பிரிட்ஜில் பயின்று வந்தவர். இரண்டாண்டுகள் அவர் செய்த வேலையைப் படிக்குந்தோறும் நமக்கு அவர்மேல் மதிப்புப் பெருகுகிறது. இலைமேல் ஒரு துளி நீரை வைத்து அதில் காவித்தூளை இட்டு, என்ன நேர்கிறது என்று நாட்கணக்கில் பார்த்திருந்தார். நீர்த்துளி இருந்தால்தான் வித்து முளைக்கிறது; உலர்ந்த இலையில் முளைப்பதில்லை. முளைத்த இழை இலையடியில் உள்ள நுண்துளை வழியே, நாம் மூச்சுவிடும் மூக்கைப்போல் இலை மூச்சுவிடும் வாயில் வழியே, உள்ளே நுழைகிறது. ஓரிரு வாரங்கட்குப் பின் அவ்விடத்தில் மஞ்சட் புள்ளி தோன்றுகிறது. மேற்புறத்தில் இட்ட வித்து வீணாகிறது. காற்றில் இவ்வித்து பறக்கிறதா என்று அறிய, பிசுபிசுப்பான பூச்சுத் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, அவற்றில் ஒட்டியவற்றை உருப்பெருக்கியில் எண்ணினார். மலைக்கு மலை காற்றே தூதாகிறது என்பதைக் கண்ணாற் காட்டினார்.

நோயுற்ற இலை, நலமான இலை, நடுவே நீர்த்துளி, அதில் வித்து. இந்நான்கையும் வைத்து எது முன், எது பின் என்று அவர் மெய்ப்பித்த முறையே இன்றும் பயிர்நோய் ஆய்வாளரின் அடிப்படை முறை. ஆயினும் தோட்டக்காரர் வேண்டியது மருந்து. கந்தகமும் சுண்ணாம்பும் தூவும் முறையை அதற்குச் சற்று முன்னரே மாரிஸ் என்பார் செய்து பார்த்திருந்தார், வார்டும் ஆய்ந்தார். உள்ளே நுழைந்துவிட்ட பூசணத்தை வெளியே தூவும் மருந்து தொடாது, நுழையுமுன் தடுக்கலாம், ஆனால் மலை முழுதும் இலையடிதோறும் தூவுவது எவ்வாறு? இடையிடையே வேறு மரங்களை விட்டு வைத்துக் காற்றைத் தடுத்திருந்தால் இவ்வளவு விரைவிற் பரவியிராது என்று அவர் கண்டு சொன்னது காலங்கடந்த அறிவுரை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையைப் பிரெஞ்சு நாட்டில் மில்லார்தே உலகுக்கு அறிவித்தது 1885-இல். வார்டு இலங்கையை விட்டகன்று மூன்றாண்டுகள் கழித்து. மருந்து கையில் இல்லாமல் உண்மையை மட்டும் கொண்டு வந்தவரைத் தோட்டக்காரர் கொண்டாடவில்லை.

1884-இல் காப்பியை நம்பிக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. 1870-ஐ ஒட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி ராத்தலாக இருந்த காப்பி ஏற்றுமதி, 1889-இல் ஏறத்தாழ 50 லட்சம் ராத்தலாகச் சுருங்கிற்று. காய்ந்த காப்பித் தண்டுகளைச் சீவி, தேநீர் மேசைக்குக் கால்களாக இங்கிலாந்துக்கு அனுப்பினர் என்பர். காப்பியின் எலும்பின்மேல் தேநீர்க் கோப்பை!

துரைமாரின் நட்டத்தை எழுதியவர் பலர். தொழிலாளர் பட்டதை நாம் சொல்லியாக வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பீடித்த தாது வருடப் பஞ்சத்தில், பசிக்குத் தப்பி இலங்கைக்கு ஓடியவர் பெருந்தொகையினர். அவர்கள் சென்று சேர்ந்த காப்பித் தோட்டமோ இலை உதிர்ந்து நின்றது. தோட்டங்கள் நொடித்தபோது கூலி மாதக்கணக்கில் நின்றுபோயிற்று. கங்காணியிடம் பட்ட கடன் மட்டும் நிற்கவில்லை. ஊர் திரும்பினால் பஞ்சம், திரும்பாவிடில் பட்டினி. இவர்களுள் எத்தனை பேர் எங்கே மடிந்தனர் என்பதற்குக் கணக்கில்லை.

காப்பி அழிந்த மண்ணில் சிறிது காலம் சிங்கோனா நின்றது. பின் தேயிலை வந்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, 1890-களின் நடுவில் மூன்று லட்சம் ஏக்கரைத் தாண்டிற்று. முன்னர் நினைவில் வைக்கச் சொன்னது இங்கே வேண்டும். தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுதும் கொழுந்து. ஆண்டு முழுதும் ஆள். ஆதலின் வந்து சென்ற மக்கள் குடும்பத்தோடு லயன்களில் தங்கிவிட்டனர். மலையகத் தமிழர் என்றொரு மக்கட்கூட்டம் நிலையாக உருவானதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று காப்பி இலையடியில் படிந்த ஒரு சிட்டிகைக் காவித்தூள். நம் குடியிருப்பிலும், பாட்டன் பாட்டியர் கண்டியிலிருந்து திரும்பிய குடும்பங்கள் சில உள்ளன. அவர்கள் இதனைப் படிக்கும்போது எம்மினும் மிகுதியாக உணர்வர்.

அந்நோய் கடல் தாண்டித் தென்னிந்தியாவுக்கும் வந்தது. குடகிலும் வயநாட்டிலும் மட்டுமன்றி, நமக்கு அண்மையில் நாஞ்சில் நாட்டை ஒட்டிய அசம்பு மலைகளில் 1860-களில் தழைத்த காப்பியையும் வருத்திற்று. ஆயினும் இங்கே காப்பி முற்றும் அழியவில்லை. மரநிழலில் வளர்க்கும் வழக்கமும், நோய் தாங்கும் வகைகளும் காத்தன. 1925-இல் மைசூர் நாட்டின் பாலெகொன்னூரில் காப்பி ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அங்கே மேய்ன் என்பார், ஒரே துருப்பூசணத்துள்ளும் பல குலங்கள் உண்டு, ஒரு குலத்தைத் தாங்கும் செடி மற்றொன்றுக்குத் தோற்கும் என்று 1930-களின் தொடக்கத்திற் கண்டார். 1970-இல் இந்நோய் பிரேசிலிலும் காணப்பட்டது. அக்கதை நீண்டது, நாம் மலையை விட்டு இறங்குவோம்.

திருவிதாங்கூரில் 1902-இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் இரப்பர்த் தோட்டம் எழுந்தது. 1910-இல் திருச்சூர்ப் பக்கத்துப் பாலப்பிள்ளியில், மழை உச்சத்தில் இருக்கும் நாளில், இலைகள் பச்சையாகவே கொட்டக் கண்டனர். கோவையில் அரசுப் பூசண ஆய்வாளராயிருந்த மக்ரே இதற்குக் காரணமான உயிரை 1918-இல் 'பைட்டோப்தோரா மீடியை' என்று பெயரிட்டு விளக்கினார். அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த அதே குலம்! இன்றைய அறிவியலார் இக்குலத்தை உண்மைப் பூசணத்தோடு சேர்ப்பதில்லை. பழுப்புப் பாசிகளுக்கு உறவான தனிக்கிளை என்பர். ஆனி, ஆடியில் இரப்பர்த் தோட்டத்தின் வழியே செல்லும் அன்பர் எவரும் இந்நோயைத் தாமே அறியலாம். உதிர்ந்த இலையின் காம்பை எடுத்துப் பாருங்கள். கருத்த புண் ஒன்றும், அதன் நடுவே உறைந்த ஒரு சொட்டு வெண்பாலும் இருந்தால் ஐயமே வேண்டா. மாசி, பங்குனியில் இளந்தளிர்மேல் வெண்சாம்பல் பூத்துச் சுருங்குமாயின் அது சாம்பல்நோய் என்னும் வேறொரு பூசணம். குமரி மாவட்டத்தில் தென்மேற்கு மழை குறைவாதலின் முன்னது அங்கே அவ்வளவு வருத்துவதில்லை, பின்னதே மிகுதி. ஒரே மரம், நாற்பது கல் தொலைவில் வேறு நோய்.

இனி, நம் திடலில் நிற்கும் தென்னைக்கு வருவோம்.

1882-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தை ஒட்டி மீனச்சில் வட்டத்து ஈராட்டுப்பேட்டையில் தென்னைகள் துவளத் தொடங்கின என்று சொல்வர். பின்னர்த் திருவல்லாப் பக்கத்திலும், அதன்பின் காயங்குளத்தை அடுத்த கார்த்திகப்பள்ளியிலும் கண்டனர். மரம் சாவதில்லை. ஓலை துவளும், மஞ்சளிக்கும், ஓரம் கருகும், பாளை சுருங்கும், குரும்பை உதிரும், காய் சிறுக்கும். எண்ணெயாலும் கயிற்றாலும் வாழ்ந்த நாட்டுக்கு இது மெல்லக் கொல்லும் நஞ்சு. திருவிதாங்கூர் அரசு உதவி வேண்டிற்று. பூசாவிலிருந்த இந்திய அரசின் பூசண ஆய்வாளர் பட்லர் வந்து ஆய்ந்து, 1908-இல் அறிக்கை வெளியிட்டார். பட்லர் சாதாரண மனிதரல்லர். அயர்லாந்தில் பிறந்து, 1901-இல் இந்தியா வந்து, இந்நாட்டில் பயிர்நோய் ஆய்வு என்னும் துறைக்கே அடித்தளம் இட்டவர். நோயுற்ற தென்னையின் வேர்கள் அழுகியிருக்கக் கண்டார். அவ்வழுகலில் பூசணமும் கண்டார். அதன்மேல் அவர் ஐயம் விழுந்தது.

வேரில் அழுகல் இருந்தது உண்மை. பூசணம் இருந்ததும் உண்மை. ஆனால் வார்டு காப்பி இலையில் செய்ததுபோல், நலமான மரத்தில் அப்பூசணத்தை ஏற்றி அதே வாடலை மீண்டும் உண்டாக்குவது ஒருவர்க்கும் இயலவில்லை. 1947-இல் காயங்குளத்தில் மத்தியத் தென்னை ஆராய்ச்சி நிலையம் இந்நோயை ஆய்வதற்கெனவே தொடங்கப்பெற்றது. பூசணம் பார்த்தனர், பாக்டீரியா பார்த்தனர், நூற்புழு பார்த்தனர், மண்ணின் சத்துக்குறை பார்த்தனர், வைரசும் பார்த்தனர். ஒவ்வொன்றுக்கும் ஓரளவு சான்று கிடைத்தது. ஒன்றும் முழுமையாகப் பொருந்தவில்லை. இலங்கையில் பூசணமே குற்றவாளியாயிருக்க மண்ணையும் மழையையும் பழித்தனர். இங்கே பூசணத்தைக் குற்றக்கூண்டில் ஏற்றி வைத்துக்கொண்டு, மெய்யான குற்றவாளியைப் பல்லாண்டுகள் காணாதிருந்தனர். பட்லரைக் குறை கூறல் தகாது. அவர் தேடிய பொருளைக் காட்டும் கருவி அவர் காலத்தில் இல்லை.

1967-இல் ஜப்பானிய அறிஞர்கள், மல்பெரி முதலியவற்றின் குட்டைநோயில், செல்சுவர் இல்லாத மிக நுண்ணிய உயிர் ஒன்றை எலக்ட்ரான் உருப்பெருக்கியாற் கண்டனர். பூசணமும் அன்று, வைரசும் அன்று. இன்று அதனைப் பைட்டோபிளாஸ்மா என்பர். அதன்பின் காயங்குளத்தாரும் அவ்வழியே நோக்கினர். 1983-இல் வாடலுற்ற தென்னையின் உணவுக்குழாய்களில் அதே வகை உயிர் இருப்பது அறிவிக்கப்பெற்றது. பட்லர் அறிக்கைக்குப் பின் எழுபத்தைந்து ஆண்டுகள்! டெட்ராசைக்ளின் மருந்தைச் செலுத்தியபோது நோய்க்குறிகள் சிறிது காலம் தணிந்தன. இது பூசணமாயின் அம்மருந்துக்கு அடங்கியிராது. ஓலையடியில் வாழும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும், ஒருவகைத் தத்துப்பூச்சியும் நோயை மரத்துக்கு மரம் கொண்டு செல்கின்றன என்றும் கண்டனர். அக்காலத்தை ஒட்டி, 1984-85-இல் எடுத்த கணக்கின்படி, கேரளத்தில் இந்நோயால் ஆண்டுதோறும் இழந்த தேங்காய் 96.8 கோடி. அண்மை ஆண்டுகளில் மலை தாண்டிப் பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் ஏராளமான மரங்களைச் சாய்த்ததும் இதுவே. நம் இளைஞர் சொன்னது வெறுஞ்சொல் அன்று.

அப்படியாயின் குருத்தோலையைக் கருக்கியது எது? அது உண்மையாகவே பூசணந்தான். இலையழுகல் என்பர். வாடலால் தளர்ந்த மரத்தின் இளங்குருத்தைச் சில பூசணங்கள் பற்றிக்கொள்கின்றன. காயங்குளத்தில் மேனன் முதலியோர் 1940-களின் இறுதியிலேயே 'ஹெல்மிந்தோஸ்போரியம்' என்னும் பூசணத்தை இதற்குக் காரணமாகக் கண்டனர். பின்வந்த ஆய்வுகள் 'கொலிட்டோடிரைகம்', 'பியூசேரியம்' முதலியனவும் சேர்ந்தே அழுகலை உண்டாக்குகின்றன என்று காட்டின. ஆக ஒரே மரத்தில் இரு நோய்கள். ஒன்று முன்னே கதவைத் திறக்க, மற்றொன்று பின்னே நுழைகிறது. இரண்டையும் ஒன்றென்று எண்ணியோர் குழம்பியதில் வியப்பில்லை. அடிமட்டையின் முதிர்ந்த ஓலைகளில் சாம்பல்நிற நடுவும் பழுப்பு விளிம்புமாகத் தோன்றும் புள்ளிகள் மூன்றாவது ஒரு நோய், அதுவும் பூசணமே, ஆனால் அதற்காக எவரும் மரத்தை வெட்ட வேண்டுவதில்லை. எந்த ஓலையில் நோய் தொடங்கிற்று, குருத்திலா, நடுமட்டையிலா, முதிர்மட்டையிலா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நம் உரக்கடைக்காரர் அதனைக் கேட்கவே இல்லை.

திடலின் தென்னையைப் பார்க்கக் கிருஷிபவனிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். அடிமரத்தைச் சுற்றிப் பார்த்தார், செந்நீர் இல்லை. துவண்ட ஓலைகளை எண்ணினார். ஆண்டுக்கு எத்தனை காய் என்று கேட்டார். பத்துக்கும் குறைவாயின் வெட்டிவிடச் சொல்லியிருப்பாராம். அதற்கு மேல் என்றோம். "இரண்டும் உண்டு" என்றார் மலையாளத்தில். வாடலுக்கு மருந்தில்லை, அதனை நீலத்தூள் தொடாது. அழுகலுக்கு உண்டு. அழுகிய பகுதியைச் சீவி எறிந்து எரித்துவிட்டு, ஹெக்சகோனசோல் 2 மில்லியை 300 மில்லி நீரிற் கலந்து குருத்தடியில் ஊற்றச் சொன்னார். தழையுரமும், ஆண்டுக்கு அரைக்கிலோ மெக்னீசியம் சல்பேட்டும் இடச் சொன்னார். அடுத்த குழிக்கு, நோய் தாங்குமெனக் காயங்குளத்தார் தேர்ந்து வெளியிட்ட கல்பரட்சா, கல்பசிறீ ஆகிய குட்டை வகைகளுள் ஒன்றைக் கேட்டு வாங்கச் சொன்னார். தஞ்சைப் பெரியவர், "எங்கள் ஊர் வாடல் இல்லை என்பது உறுதிதானே?" என்று மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

மரம் ஏறும் தோழரே மருந்தை ஊற்றினார். வெட்டவேண்டும் என்று வாதாடிய பொள்ளாச்சி இளைஞர்தாம் கீழே நின்று கயிற்றைப் பிடித்தவர். நீலத்தூள் பொட்டலம் இன்னும் சங்க அறையில், சாமியானாத் துணிகளுக்கு அருகே பிரிக்காமல் கிடக்கிறது. தென்னையின் பழைய ஓலைகள் வளைந்தபடியேதான் உள்ளன; அவை இனி நிமிரா. அதன்பின் வந்த குருத்துகள் மூன்றும் நுனி கருகாமல் விரிந்தன. சென்ற ஆவணியில் பறித்தபோது இருபத்திரண்டு காய்கள் இறங்கின. அவற்றுள் பதினொன்றைப் பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டைக்கு மகளிர் குழுவினர் எடுத்துச் சென்றனர்.